பழைய டீசல் எஞ்சினுக்கு எவ்வளவு பூஸ்ட் கொடுக்கலாம்?

யாழ்ப்பாணத்தில் இன்றும் ஓடும் டொயோட்டா 2எல்-டி, மிற்சுபிசி 4டி56 போன்ற பழைய டேர்போ டீசல் எஞ்சின்களுக்குத் தொழிற்சாலை வைத்த பூஸ்ட், அதாவது டேர்போ எஞ்சினுக்குள் அமுக்கித் தள்ளும் காற்றின் மிகை அழுத்தம், பெரும்பாலும் 0.5 முதல் 0.7 பார் வரையே இருக்கும். டயருக்குக் காற்றடிக்கும் கணக்கில் 0.7 பார் என்பது ஏறத்தாழ 10 பி.எஸ்.ஐ. டேர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாவிட்டால் அதற்கு மேல் போகாதீர்கள். இன்டர்கூலரும் பழுதற்ற சிலிண்டர் ஹெட்டும் இருந்தால் 0.9 பார் வரை ஏற்றலாம் என்பது என் கணிப்பு. டொயோட்டா 3எல் போல டேர்போ இல்லாமல் பிறந்த எஞ்சினுக்குப் பிறகு டேர்போ பூட்டியிருந்தால், அதன் அமுக்க விகிதம் (சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பது) 22:1 அளவில் இருப்பதாலும், பிஸ்டனின் அடிப்புறத்தை ஒயில் பீச்சிக் குளிர்விக்கும் ஏற்பாடு பெரும்பாலும் இராததாலும், 0.4 அல்லது 0.5 பாரோடு நிறுத்துவதே நல்லது.

ஆனால் பூஸ்ட் மீற்றரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்தான் எஞ்சினை இழப்பார். டீசல் எஞ்சினில் பிஸ்டனை உருக்குவது மிகையான எரிபொருளின் சூடு. மிகையான பூஸ்டோ ஹெட் கஸ்கட்டையும் டேர்போவின் தண்டையும் தாக்கும். 35 பாகை வெயிலில் இழுக்கப்படும் காற்று, 0.7 பாருக்கு அமுக்கப்படும்போதே 110 பாகை செல்சியஸை நெருங்கிவிடுகிறது. 1 பாரில் 130 பாகையைத் தாண்டும். ஆகவே புகைவாயுச் சூட்டைக் காட்டும் மீற்றரை, அதன் முனை டேர்போவுக்கு முன்னால் இருக்கும்படி முதலில் பூட்டுங்கள். பின்னால் பூட்டினால் பாரம் இழுக்கும்போது நூறு பாகைக்கும் மேலாகக் குறைத்துக் காட்டி ஏமாற்றும். தொடர்ந்து ஓடும்போது 650 பாகை, சற்று நேரம் முந்திச் செல்லும்போது 700 பாகை என்பவற்றை எல்லையாகக் கொள்ளுங்கள்.

அடுத்தது ரேடியேற்றர். நமது கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறியது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதுதான் ரேடியேற்றர்க் குழாய்களிலும் ஹெட்டின் நீர்வழிகளிலும் படிகிறது. வருடக்கணக்காகக் கிணற்று நீர் ஊற்றிய வாகனத்தில், படிவைக் கழுவி நீக்கிக் கூலன்ற் நிரப்பும்வரை பூஸ்டைத் தொடவே வேண்டாம், ஏனெனில் ஹெட் வெடிப்புக்குப் பெயர்போன எஞ்சின்கள் இவை. ரப்பர் ஓஸ்களில் கீறலோ தளர்ந்த கிளிப்போ இருந்தாலும் பூஸ்ட் குறைவாகத் தெரியும். அதைத் திருத்தாமல் பூஸ்டைக் கூட்டத் திருகுவது வீண்வேலை.

இனி, மிகைப் புகைவாயுவை டேர்போவைச் சுற்றி வெளியேவிட்டுப் பூஸ்டை மட்டுப்படுத்தும் கதவான வேஸ்ட்கேட்டை இயக்கும் கம்பியின் பூட்டு நட்டைத் தளர்த்துவதற்கு முன், அது இருந்த இடத்தில் வெள்ளைப் பெயின்ற்றால் ஒரு கோடிடுங்கள். கம்பி முனையின் கிளிப்பைக் கழற்றி, கம்பி குறுகும் பக்கமாக ஒரு சுற்று மட்டும் திருகி மீண்டும் பூட்டி, ஓட்டிப் பாருங்கள். குறுகினால் பூஸ்ட் ஏறும். வேஸ்ட்கேட்டின் ஓஸைக் கழற்றி அடைத்துவிடும் குறுக்குவழியைச் சில கராச்களில் சொல்வார்கள். அப்படிச் செய்தால் பூஸ்டுக்குத் தடையே இல்லாமல் போய்விடும்.

சோதனையோட்டத்துக்கு, தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் நாளில், பாரம் ஏற்றிய வானை ஆனையிறவு வழியாகத் தெற்கே ஓட்டுவதைப் போன்ற பரீட்சை வேறில்லை. மேடே இல்லாத நமது மண்ணில் எதிர்க்காற்றுத்தான் மலை. நான்காம் கியரில், சட்டப்படியான வேகத்துக்குள், பெடலை நன்றாக அழுத்திச் செல்கையில் சூடு 700-ஐத் தொட்டும் ஏறிக்கொண்டிருந்தால், காலைத் தளர்த்துங்கள். பிறகு பம்பின் எரிபொருள் ஸ்குரூவை எட்டில் ஒரு சுற்று குறையுங்கள். கரும்புகை குறைந்தால் வருடாந்தப் புகைப் பரிசோதனைக்கும் அது உதவும்.

அந்த ஓட்டத்தின் பின் பரந்தனில் தேநீருக்கு நிறுத்தினால், திறப்பை உடனே திருப்பாமல் இரண்டு நிமிடமாவது எஞ்சினைச் சும்மா ஓடவிடுங்கள். சூடேறிய டேர்போவின் பெயாரிங்கில் ஒயில் கருகிப் படியாமல் இருக்க அந்த நேரம் தேவை.