ஈயம் எத்தனை கிலோ? கரையிலிருந்து கடலில் இறங்கும் முறை

மலேசியாவின் குளுவாங்கிலிருந்து செம்பனைத் தோட்டங்களைத் தாண்டிப் போனால் மெர்சிங், அங்கே படகேறினால் தியோமான் தீவு. முக்குளிக்கப் பழகிய கையோடு நம் தோட்டத்துப் பிள்ளைகள் அங்கே போகிறார்கள். கரையிலிருந்து நடந்தே கடலில் இறங்கும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். அலையைக் குறை சொல்லுமுன் நீரில் அமிழ்வதற்காக இடுப்பில் கட்டிய ஈயக் கட்டிகளைப் பாருங்கள்.

முதலில் எடை. நீச்சல் குளத்தில் சரியாக இருந்த எடை கடலில் போதாது. கடல்நீர் சுமார் 2.5 சதவீதம் கூடுதல் அடர்த்தி. ஆளும் சாமானும் சேர்ந்து 90 கிலோ என்றால் 2 கிலோவுக்குச் சற்று மேல் கூட்ட வேண்டும்.

சோதிப்பது எளிது. கால் எட்டாத, அலையில்லாத இடத்தில் ரெகுலேட்டரை (டேங்கிலிருந்து மூச்சிழுக்கும் கருவி) வாயில் வைத்துக்கொண்டு, பிசிடியிலுள்ள (காற்றடைத்து மிதக்க உதவும் மேலங்கி) காற்றை முழுக்க விடுங்கள். காலை ஆட்டாமல் நேராக நின்று, சாதாரணமாக மூச்சிழுத்து நிறுத்துங்கள். தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டதும் மெல்ல அமிழ வேண்டும். முதுகிலுள்ள காற்று டேங்கில் 50 பார் (அழுத்த அளவு) மிச்சமிருக்கும்போது பார்த்தால்தான் கணக்கு சரி. முழு டேங்கோடு பார்த்தால், அதற்கு மேல் 2 கிலோ சேருங்கள். 11 லிட்டர் அலுமினிய டேங்க் 200 பாரிலிருந்து 50க்கு இறங்கும்போது ஏறக்குறைய அவ்வளவு எடைக் காற்று போய்விடும்.

பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காலடித்தால் யாரும் அமிழ மாட்டார்கள். உடனே இன்னொரு கட்டியைக் கோர்க்காதீர்கள். மூச்சை முழுதாக விட்டுப் பாருங்கள். கூடுதல் ஈயத்துக்கு ஈடாகப் பிசிடியில் காற்று நிரப்புவீர்கள், மேலே வர வர அது விரிந்து உங்களைத் தூக்கும். இதுதான் ஆபத்து.

அடுத்து கடல். மெர்சிங் படகே கடல் ஏற்றம் பார்த்துத்தான் கிளம்புகிறது, நீங்களும் பாருங்கள். நீர் வற்றினால் பவளம் முழங்காலில் உரசும். கரையில் பத்து நிமிடமாவது நின்று அலையைக் கவனித்து, இறங்கும் இடத்தோடு ஏறும் இடத்தையும் முடிவு செய்யுங்கள். ஏற இடம் தெரியவில்லையா, இறங்க வேண்டாம்.

இனி இறங்கலாம். சாமான்களை, கூட முக்குளிக்கும் ஜோடியோடு மணலிலேயே சரிபாருங்கள். ஈய பெல்ட்டை ஒரே இழுப்பில் கழற்ற முடிகிறதா என்பதையும்தான். பிசிடியில் கொஞ்சம் காற்று, முகத்தில் மாஸ்க், வாயில் ரெகுலேட்டர். காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்துத் தேய்த்து நடங்கள். புதைந்து கிடக்கும் திருக்கை அந்த அதிர்வில் விலகிவிடும், மிதித்தால் வால்முள்ளால் குத்தும். அலை வரும்போது முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள். அமைதியான கடலென்றால் இடுப்பளவு நீரில் ஜோடியின் தோளைப் பிடித்துக் காலில் நீச்சல் துடுப்பை மாட்டி, உடனே நீந்துங்கள். அலை உடையும் இடத்தில் நின்று பேசாதீர்கள்.

திரும்பும்போது அலைக்கு வெளியே நின்று மூச்சை ஆற்றிக்கொண்டு வாருங்கள். விழுந்தால் எழுந்து நிற்கப் போராட வேண்டாம், தவழ்ந்தே ஏறுங்கள். காய்ந்த மணலுக்கு வரும்வரை ரெகுலேட்டர் வாயிலேயே இருக்கட்டும்.