சைகை மொழி வகுப்பில் சேர்ந்திருக்கிறீர்களா?

கல்லூரியில் சைகை மொழி வகுப்பில் சேர்ந்ததும் பலர் செய்யும் தப்பு, யூடியூபில் கண்ணில் பட்ட வீடியோவைப் பார்த்து எழுத்துகளைப் பழகுவது. நானும் அப்படித்தான் ஏமாந்தேன். அது அமெரிக்க சைகை மொழி. அங்கே எழுத்துக்கு ஒரு கை போதும். இந்திய சைகை மொழியில் ஆங்கில எழுத்துகளுக்குப் பெரும்பாலும் இரண்டு கைகளும் வேண்டும். டெல்லியிலுள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தின் அகராதி வீடியோக்களைப் பாருங்கள். 2021 பதிப்பிலேயே 10,000 சொற்கள், அதுவும் இலவசமாக.

அப்புறம், முகம். 'உன் பெயர் என்ன?' என்பதில் 'என்ன' கடைசியில்தான் வரும், நம் தமிழ் மாதிரியே. ஆனால் புருவமும் சேர்ந்து கேட்க வேண்டும். கூச்சமாகத்தான் இருக்கும். வீட்டில் பழகும்போது போனின் பின் கேமராவில் பதிவு செய்யுங்கள். கண்ணாடி இடவலம் மாற்றிக் காட்டும்.