பனிக்கு ஏற்ற கூரை: என் அனுபவம்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நாங்கள் இருக்கும் பாரி நகரில், ஜார்ஜியன் வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்று பனியைக் கொட்டித் தீர்த்துவிடும். எங்கள் அஸ்பால்ட் சிங்கிள் (ஓடுபோல் அடுக்கி ஆணியடிக்கும் தார்ப் பட்டைகள்) கூரை குளிர்காலந்தோறும் ஒழுகியது. வீட்டுச் சூட்டில் மேலே உருகும் பனி, குளிர்ந்த விளிம்பில் மீண்டும் உறைந்து அணைபோல் மறிக்கும். தேங்கிய நீர் சிங்கிளுக்கு அடியில் ஏறிவிடும்.

கூரை மாற்ற வந்தவர் முதலில் கூரைக்கு அடியிலுள்ள பரணில் ஏறினார். நல்ல தொழிலாளிக்கு அதுவே அடையாளம். குளியலறை விசிறியின் குழாய் வெளியே போகாமல், பரணுக்குள்ளேயே ஈரச்சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தது. ஆணி முனைகளிலெல்லாம் வெள்ளையாக உறைபனி! குழாயை வெளியே திருப்பி, இடுக்குகளை அடைத்து, வீட்டுச் சூடு மேலே ஏறாமல் தடுக்கும் காப்புப் பஞ்சைக் கூட்டிப் போட்ட பிறகுதான் கூரையைத் தொட்டோம்.

ஆணித்தலை வெளியே தெரியாத, மடிப்புப் பொருத்துள்ள எஃகுத் தகட்டைத் தேர்ந்தெடுத்தேன். விலை அதிகம்தான். ஆனால் பனி அதில் எளிதில் தங்காது. அடியில், விளிம்பிலிருந்து தொடங்கி, வெளிச்சுவரின் உட்பக்கத்தைத் தாண்டி 300 மில்லிமீட்டர் வரையாவது நீர் புகாத ஒட்டுப்படலம் வேண்டும். இதில் சிக்கனம் கூடவே கூடாது.

தகட்டிலிருந்து பனி திடீரென்று மொத்தமாகச் சரியும். பிள்ளைகள் நிற்கும் வாசலுக்கு மேலே பனித்தடுப்புகள் பொருத்தினோம். சூடேற்றாத கார் கொட்டகைக்குப் பழைய சிங்கிளே போதும். கீழிருந்து சூடு ஏறாததால் அங்கே பனி உருகி விளிம்பில் உறையும் தொல்லை இல்லை.