லயத்து கூரையில வவ்வால் இருந்தா என்ன செய்யலாம்

கொரோனா வந்த நேரம் எங்க தோட்டத்துல லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) கூரைக்குள்ள புகை போட்டு வவ்வாலை அடிச்சே கொன்னாங்க, அத நெனச்சா இன்னும் மனசு கஷ்டமா இருக்கு, அதான் எழுதுறேன்.

வவ்வால் பல வகை கொரோனா வைரஸுக்கு இயற்கையான வீடு, அது உண்மைதான். 2002ல சீனாவுல வந்த சார்ஸும் குதிரைலாட வவ்வால்கிட்ட இருந்து புனுகுப்பூனை வழியா மனுசனுக்கு வந்ததுன்னுதான் ஆராய்ச்சி சொல்லுது. ஆனா கூரையில சும்மா தொங்குறதால நோய் வராதுங்க, புடிச்சு, அடிச்சு, எச்சில், ரத்தம், எச்சம் படுற மாதிரி நடந்தாதான் ரிஸ்க்.

அதனால கையால தொடவே வேணாம். எச்சத்த காஞ்சபடி கூட்டாதீங்க, தூசி பறக்கும், மாஸ்க்கும் கையுறையும் போட்டு சோப்பு தண்ணி தெளிச்சு நல்லா ஊறவச்சு வழிச்சு எடுங்க. தண்ணி டாங்கிய மூடி வைங்க, கடிச்ச கொய்யாவ புள்ளைங்களுக்கு குடுக்காதீங்க.

வெளியேத்தணும்னா பொழுதுபடுற நேரம் எந்த ஓட்டையால வருதுன்னு பாத்து, அதுக்கு மேல வலைய கட்டி கீழ்ப்பக்கம் தொங்கவிடுங்க, வெளிய போகும், திரும்ப ஏற முடியாது. சில நாள் கழிச்சு ஓட்டைய அடைங்க. பறக்கத் தெரியாத குட்டி இருந்தா கட்டாயம் பொறுங்க, இல்லன்னா உள்ளயே பட்டினியா செத்துரும்.

யாரையாச்சும் கடிச்சா காயத்த 15 நிமிசம் சோப்பு போட்டு ஓடுற தண்ணில கழுவிட்டு ஒடனே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க.