பனிக்கட்டியும் நீரும் கலக்கும் கணக்கைச் செய்யும் முறை

30° செல்சியஸில் உள்ள 200 கிராம் நீரில், −10° செல்சியஸில் உள்ள 100 கிராம் பனிக்கட்டியை இட்டால் கலவையின் இறுதி வெப்பநிலை என்ன? இவ்வகைக் கணக்கைக் கண்டதும் 'இழந்த வெப்பம் = பெற்ற வெப்பம்' என்று எழுதத் தொடங்கிவிடுவதே பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம். பனிக்கட்டி முழுவதும் உருகுமா என்பதை அதற்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும்.

முதலில் நிறைகளைக் கிலோகிராமுக்கு மாற்றிக்கொள்க. நீரின் தன்வெப்ப ஏற்புத்திறன், அதாவது ஒரு கிலோகிராமின் வெப்பநிலையை ஒரு கெல்வின் உயர்த்தத் தேவையான வெப்பம், ஏறத்தாழ 4200 ஜூல். பனிக்கட்டியினுடையது 2100 ஜூல். ஒரு கிலோகிராம் பனிக்கட்டி உருகத் தேவையான உள்ளுறை வெப்பம் 3,34,000 ஜூல். இங்கு வெப்பநிலை வேறுபாடு மட்டுமே பயன்படுவதால் செல்சியஸைக் கெல்வினுக்கு மாற்ற வேண்டியதில்லை. வாயு விதிக் கணக்குகளில் இந்தச் சலுகை கிடையாது.

இனி இருபுறமும் உள்ள வெப்பத்தைத் தனித்தனியே கணக்கிடுக. நீர் 0° வரை குளிர்ந்தால் தரக்கூடியது 0.2 × 4200 × 30 = 25,200 ஜூல். பனிக்கட்டி 0° வரை சூடேற 0.1 × 2100 × 10 = 2,100 ஜூலும், அதன் பிறகு முழுவதும் உருக 33,400 ஜூலும் தேவை; ஆக மொத்தம் 35,500 ஜூல். நீரிடம் அவ்வளவு வெப்பம் இல்லாததால், பனிக்கட்டியில் ஒரு பகுதி உருகாமலேயே நிற்கும். நீரும் பனிக்கட்டியும் சேர்ந்திருப்பதால் இறுதி வெப்பநிலை 0° என்பது மேலும் கணக்கிடாமலேயே தெரிந்துவிடுகிறது. 2,100 ஜூல் போக எஞ்சும் 23,100 ஜூலை 3,34,000 ஆல் வகுத்தால், உருகும் நிறை 0.069 கிலோகிராம், அதாவது சுமார் 69 கிராம். மிஞ்சும் பனிக்கட்டி 31 கிராம்.

இந்தச் சோதனையைச் செய்யாமல், எல்லாம் உருகியதாகக் கொண்டு சமன்பாட்டைத் தீர்ப்பவருக்கு இறுதி வெப்பநிலை ஏறத்தாழ −8.2° என்று வரும். 30° நீரில் −10° பனிக்கட்டியைக் கலந்து −8.2° நீரைப் பெற இயலாது என்பதால், இந்த எதிர்க்குறியே தொடக்க அனுமானம் தவறு என்பதற்குச் சான்று. மாறாக, நீர் 300 கிராமாக இருந்தால் அது 37,800 ஜூல் வரை தரும். பனிக்கட்டி முழுவதும் உருகிய பின்னும் 2,300 ஜூல் எஞ்சும். அது 400 கிராம் நீரை 1.4° அளவுக்குச் சூடாக்கும். பாத்திரம் வெப்பத்தை எடுத்துக்கொள்ளவோ தரவோ இல்லை என்று கொண்டே இவ்வளவும் செய்தோம். செப்புக் கலோரிமானி (வெப்பத்தை அளக்கப் பயன்படும் செம்புப் பாத்திரம்) என்று வினாவில் குறிப்பிட்டிருந்தால் அதன் பங்கையும் நீரின் பக்கத்தில் கூட்ட வேண்டும்.

உருகும்போது வெப்பநிலை உயராமலேயே வெப்பம் உட்கொள்ளப்படுகிறது என்பதை 1760-களின் தொடக்கத்தில் கிளாஸ்கோவில் நிறுவியவர் ஜோசப் பிளாக்.

இதே கணக்கு சில வினாத்தாள்களில் விசைக்கும் நீளும்: மிஞ்சிய 31 கிராம் பனிக்கட்டியும் உருகிவிட்டால் நீர்மட்டம் உயருமா? மிதக்கும் பொருளின் எடை மிதப்பு விசைக்குச் சமம் என்பதால், அந்தத் துண்டு 31 கிராம் நீரை, அதாவது 31 கன சென்டிமீட்டரை இடம்பெயர்க்கிறது. பனிக்கட்டியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.917 கிராம் என்பதால் துண்டின் பருமன் சுமார் 33.8 கன சென்டிமீட்டர், அதில் 2.8 மட்டுமே நீருக்கு மேலே தெரியும். உருகிய பின் அது 31 கன சென்டிமீட்டர் நீராகி, முன்பு இடம்பெயர்த்த பருமனையே நிரப்புவதால் மட்டம் மாறாது.