பென்சில் குறிகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரிஸில் பியானோ சொல்லிக்கொடுத்த காலத்தில், மாணவர்கள் கொண்டுவரும் அச்சு நோட்ஸில் இசையமைப்பாளர் ஷோப்பின் பென்சிலால் எழுதுவார். விரல் எண்கள், விட்டுப்போன ஃபிளாட் (ஸ்வரத்தை அரைப்படி இறக்கும் குறி), மாற்று அலங்காரம், சில இடங்களில் வெறும் பெருக்கல் குறி. அந்தப் பிரதிகளில் சில இன்றும் இருக்கின்றன. மாணவிகள் ஜேன் ஸ்டர்லிங்கின் ஏழு தொகுதிகளும் கமீல் துபுவாவின் மூன்று தொகுதிகளும் பாரிஸில், பிரான்ஸ் தேசிய நூலகத்தில் உள்ளன. ஷோப்பினின் அக்கா லுட்விகாவின் மூன்று தொகுதிகள் வார்சாவில் உள்ளன.

இவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, அச்சைப் பார்க்காமல் பென்சிலை மட்டும் பார்ப்பது. ஒரு பிரதியில் பென்சிலால் ஒரு ஷார்ப் (ஸ்வரத்தை அரைப்படி ஏற்றும் குறி) இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. உடனே “இவருக்கு ஒரு மாதிரி, அவருக்கு வேறு மாதிரி சொல்லிக்கொடுத்தார்” என்று முடிவு கட்டிவிடுகிறோம். இரண்டாவது பிரதி பிந்தைய அச்சாக இருந்து, அந்த ஷார்ப் அதில் அச்சிலேயே சேர்ந்திருக்கலாம். ஷோப்பினின் படைப்புகள் பாரிஸ், லைப்ஸிக், லண்டன் என மூன்று இடங்களில் வெவ்வேறு பதிப்பாளர்களிடம் வெளிவந்தன. ஒரே அச்சுத் தகட்டைத் திருத்தி மறுபடி அச்சடிப்பதும் நடந்தது. அதனால் முதலில் தலைப்புப் பக்கத்தைப் பாருங்கள். பாரிஸ் பதிப்பாளர் ஷ்லெஸிங்கரின் தொழில் 1846-ல் பிராண்டுஸ் கைக்கு மாறியது. பிராண்டுஸ் பெயர் இருந்தால் அந்தத் தாள் அதற்கு முன் அச்சானதல்ல.

அடுத்தது, எல்லாக் குறிகளையும் ஒரே வகையாக எண்ணுவது. இதில்தான் நான் பிடிவாதமாக இருப்பேன். ஓபஸ் (படைப்பு எண்) 28-ன் 20-வது பிரிலூட் என்ற சிறு படைப்பு, சி மைனர், மொத்தமே 13 பார் (தாளக் கட்டம்). மூன்றாவது பாரின் கடைசி கார்டில் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்களில்) ஈ நேச்சுரலா (ஏற்றாத, இறக்காத ஸ்வரம்), ஈ ஃபிளாட்டா என்று இன்றும் வாதம் நடக்கிறது. அதே பாரில் முன்னால் ஒரு நேச்சுரல் வந்துவிட்டதால், மறுபடி ஃபிளாட் போடாவிட்டால் அது நேச்சுரலாகவே தொடரும். ஒரு மாணவியின் பிரதியில் அந்த ஃபிளாட் பென்சிலால் சேர்க்கப்பட்டிருக்கிறது. இது திருத்தம் என்றால் எல்லோருக்கும் பொருந்தும்.

ஓபஸ் 9-ன் இரண்டாவது நாக்டர்ன் அப்படியில்லை. மெட்டு திரும்பத் திரும்ப வரும் அந்தப் படைப்புக்கு வெவ்வேறு மாணவர்களின் பிரதிகளில் வெவ்வேறு அலங்காரங்கள் எழுதப்பட்டுள்ளன. அவை மாற்று வடிவங்கள். ஒன்று இன்னொன்றைப் பொய்யாக்காது. அத்தனையையும் பொறுக்கி ஒரே வாசிப்பில் கோத்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தக் கோவையை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. விரல் எண்கள் இன்னொரு வகை: அந்த ஒரு கையின் அளவுக்கும் பழக்கத்துக்கும் சொன்னவை.

அப்புறம், சின்னக் கோடுகளைக் கிறுக்கல் என்று விட்டுவிடுவது. வலது கையில் ஒரு சிறு அலங்கார ஸ்வரம். அதிலிருந்து ஒரு சாய்கோடு கீழே இறங்கி, இடது கையின் பாஸ் (தாழ்ந்த) ஸ்வரத்தைத் தொடுகிறது. இரண்டையும் சேர்த்து அழுத்து, அலங்காரம் தாளத்துக்கு முன்னால் ஓடக்கூடாது என்று பொருள். பக்கம் பக்கமாக எழுதிப் புரியவைக்க வேண்டியதை ஒரு கோடு சொல்லிவிடுகிறது! படியெடுக்கும்போது இந்தக் கோட்டை விட்டுவிட்டு விரல் எண்களை மட்டும் அட்டவணை போட்டால், ஒப்பீட்டின் உயிரே போய்விடும்.

பென்சில் என்றாலே ஷோப்பின் கை என்றும் நம்ப வேண்டாம். மாணவியே எழுதியிருக்கலாம், பின்னால் வந்தவர்களும் எழுதியிருக்கலாம். கறுப்பு வெள்ளை நகலில் மையும் பென்சிலும் ஒன்றுபோலத் தெரியும், அழித்த தடம் மறைந்துபோகும். வண்ணப் படம் கிடைக்கும் வரை யாருடைய கையெழுத்து என்று தீர்ப்பு எழுதாமலிருப்பது நல்லது.

குறி இல்லாத பக்கத்தையும் சாட்சியாக்காதீர்கள். பாடத்தின்போது மாணவி பெரிய பிளேயல் பியானோவில் உட்காருவார். ஷோப்பின் பக்கத்தில் ஒரு சிறிய நிமிர்ந்த பியானோவில் இருந்து வாசித்துக் காட்டுவார். அப்படிக் கேட்டே கற்றுக்கொண்ட இடத்தில் பென்சிலுக்கு வேலை இருந்திருக்காது.