மழைக்கு முன்னாடி ஸ்லட்ஜ் போடாதீங்க

ஊட்டி, கேத்தி பக்கம் பள்ளத்துல கேரட், உருளை, பீட்ரூட் போடுறவங்க கொஞ்சம் கவனிங்க. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துல மிஞ்சுற ஸ்லட்ஜ்ங்கற சேத்துல தழைச்சத்தும் மணிச்சத்தும் நல்லாவே இருக்கு, ஆனா அதை போட்ட கையோட மழைத்தண்ணி தேங்குச்சுன்னா மண்ணுக்குள்ள கதையே மாறிடும்.

காத்துல பரவுறதை விட தண்ணில ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாத்தான் பரவும். ஸ்லட்ஜ்ல பாக்டீரியாவுக்கு தீனி நிறைய, அதனால இருக்கற கொஞ்சநஞ்ச ஆக்சிஜனும் சீக்கிரம் தீந்துடும், அமோனியாவை நைட்ரேட் ஆக்குற வேலையை ஆரம்பிக்கற நைட்ரோசோமோனாஸ் வகையறா பாக்டீரியா அப்படியே படுத்துடும், ஆக்சிஜனுக்கு பதிலா நைட்ரேட்டை வச்சு மூச்சு விடுற கூட்டம் பெருகும், தழைச்சத்து வாயுவா பறந்துடும். இன்னும் தண்ணி நின்னா வேற பாக்டீரியா இரும்பை வச்சு மூச்சு விடும், அப்புறம் சல்பேட்டை. மண்வெட்டியால ஒரு கொத்து கொத்தி முகர்ந்து பாருங்க, அழுகின முட்டை நாத்தம் வந்தா சல்பேட் வரைக்கும் போயிடுச்சுன்னு அர்த்தம்.

அதனால ஜூன்-செப்டம்பர், அக்டோபர்-நவம்பர் மழை முடிஞ்ச பிறகு போடுங்க. மேட்டுப்பாத்தி, சுத்தி வாய்க்கால், இது ரெண்டும் இல்லாத பள்ளத்துல வேண்டவே வேண்டாம்.

பச்சையா போடாதீங்க, மக்க வச்சு போடுங்க. அமெரிக்க விதிப்படி வரிசையா குவிச்சு மக்க வைக்கறப்ப 55 டிகிரி சூடு 15 நாள் இருக்கணும், அதுக்குள்ள 5 தடவை கிளறணும். நம்ம குளிருக்கு சின்ன குவியல் சூடே ஏறாது, பெருசா குவிச்சு மூடி வைங்க, தெர்மாமீட்டர் குத்தி பாத்துக்கோங்க. கிருமி முழுசா சாகாத ஸ்லட்ஜை உடனே மண்ணுல கலந்தா, மண்ணுக்குள்ள விளையுற காய்க்கு, போட்டதுக்கும் அறுவடைக்கும் நடுவுல அங்க 38 மாசம் இடைவெளி கேக்குறாங்க. கேரட்காரங்க இதை ஒரு தடவைக்கு ரெண்டு தடவை படிங்க.

நம்ம மண்ணு புளிப்பு (அமில மண்ணு), புளிப்பு மண்ணுல ஸ்லட்ஜ்ல இருக்கற துத்தநாகம், காட்மியம் மாதிரி உலோகம் எல்லாம் சுலபமா கரையும். இங்கிலாந்துல வோபர்ன்ல 1942-ல ஆரம்பிச்சு சுமார் 20 வருஷம் ஸ்லட்ஜ் போட்ட நிலத்துல, நிறுத்தி பல வருஷம் கழிச்சும் கிளோவர்ங்கற தீவனச்செடிக்கு அதோட வேர் முடிச்சுல இருக்கற ரைசோபியம் பாக்டீரியா சரியா தழைச்சத்து பிடிச்சு குடுக்கல. பட்டாணி, பீன்ஸுக்கும் ரைசோபியம்தான் தழைச்சத்து குடுக்குது, அதனால அதை போடுறவங்களுக்கு இது பெரிய விஷயம். மண்ணையும் ஸ்லட்ஜையும் லேப்ல குடுங்க, பிஹெச் குறைவா இருந்தா, அதாவது புளிப்பு அதிகமா இருந்தா, முதல்ல டோலமைட் சுண்ணாம்புத்தூள் போடுங்க.

ஏற்கனவே தண்ணி தேங்கிடுச்சா? வாய்க்கால் வெட்டி வடிச்சு விடுங்க, ஈரத்துல மிதிக்காதீங்க, கையில பிடிச்சா உதிர்ற பதம் வந்ததும் லேசா கொத்தி விடுங்க. அந்த முட்டை நாத்தம் போற வரைக்கும் எந்த உரமும் போடாதீங்க.